பெண்சிவப்புக்குப் பெயர் வைத்தவர்கள்

கோப்பெல் வாத்தியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. பதிலை முதலில் எழுதிவிடுவார். அப்புறம்தான் கேள்வி கேட்க ஆளைத் தேடுவார். இருபத்திரண்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆவார்கள். அதனால் அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

1936-ம் வருஷம், ஜூன் கடைசியில், டார்ட்டு நகரத்துப் பல்கலைக்கழகப் படிப்பாளிகள் சாரெமா தீவின் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரு கட்டுச் சீட்டுகள் அனுப்பினார்கள். ஊரில் செடிகொடிகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதி அனுப்பவேண்டும். ஒரு செடிக்கு ஒரு சீட்டு. மேலே பெயர். அதன் கீழே, அந்தப் பெயர் ஏன் வந்தது. கடைசி வரியில், இதைச் சொன்னவர் யார், வயது என்ன. மெட்ஸ்கூலா ஊருக்கு நாற்பது சீட்டுகள் வந்தன. வாத்தியார் ஒரே வாரத்தில் நாற்பதுக்கும் பதில் எழுதிவிட்டார். 'சொன்னவர்' வரிதான் பல சீட்டுகளில் பாக்கி. அதற்கு ஆள் பிடிக்க 'லெபிக்கு' என்ற பண்ணையின் மருமகள் அலீடேயைக் கூப்பிட்டனுப்பினார். அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஊர் வாசகசாலையின் புத்தக அலமாரிச் சாவியும் அவளிடம்தான் இருந்தது.

"இந்தாம்மா, பதினாலாம் நம்பர் சீட்டு. எல்லாம் எழுதியாச்சு. யாராவது ஒரு பொம்பளைகிட்டப் படிச்சுக் காட்டி, ஆமான்னு சொன்னா பேரையும் வயசையும் போட்டு எடுத்துட்டு வா" என்றார்.

அலீடே வாங்கிப் படித்தாள். "நைஸ்டெபுனா. பெண்களின் சிவப்பு. பெயர்க் காரணம்: பெண்கள் பாவாடை நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற இதைப் பயன்படுத்தியதால்."

"இதை யாரு சொன்னாங்க வாத்தியாரே?"

"யாரும்மா சொல்லணும்? என் வீட்டு மச்சுலயே கட்டுக்கட்டாத் தொங்கிக் காய்ஞ்சதை என் கண்ணால பார்த்திருக்கேன். சாயத்துக்குத்தான்."

அலீடேக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அந்தத் தீவில் பாவாடைச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பத்து வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். மணல்காட்டில் மண்டியிட்டு, நகம் பிய்ந்துபோகிற அளவுக்குத் தோண்டி எடுக்கிற மதாரா வேரிலிருந்துதான் வருகிறது. பெண்சிவப்பு வேலியோரத்து மஞ்சள் பூச்செடி. அதன் மொட்டை விரலில் நசுக்கினால் ரத்தம் போலச் சாறு கசியும், அவ்வளவுதான். நூலைப் போட்டுக் காய்ச்சினால் பழைய வைக்கோல் நிறம் வரும். இந்தத் தப்பைச் செய்ய ஆண்பிள்ளையால்தான் முடியும். அதுவும் படித்த ஆண்பிள்ளையால்.

ஆனாலும் அவள் சீட்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். காரணத்தை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வித்தை எனக்குப் பிடிக்காது.

அலீடேக்கு இருபத்தேழு வயது. கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்திலிருந்து மூன்று வருஷம் முன்பு பிரீடுவைக் கட்டிக்கொண்டு வந்தவள். முதல் வருஷம் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஓரகத்தி மீலி ஆட்டுக்கறிச் சூப்பு கொண்டுவந்தாள், பிரீடு ரெண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது போன மார்ச்சில் போயிற்று. அது யாருக்கும் தெரியாது. வந்திருப்பதையே பிரீடுவிடம் அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை, போய்விட்டதை எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து உதிரம் நிற்கவில்லை. பத்து நாள் போகும், நாலு நாள் நிற்கும், மறுபடி தொடங்கும். கடற்கரைப் புதர்களுக்குப் பின்னால் ஒரு பாறை மேல் துணிகளைத் தனியாகத் துவைத்துக் காயவைத்து எடுத்து வருவாள். களஞ்சியப் படி ஏறினால் கண் இருட்டியது. வெயில் காலத்தில் களஞ்சியத்தில் போய்ப் படுப்பது அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் புருஷனையும் கூட்டிக்கொண்டு போய்ப் படுப்பதுதான் வழக்கம். அலீடே தனியாகப் போய்ப் படுத்தாள். "புழுக்கமா இருக்கு" என்று காரணம் சொன்னாள்.

அவள் பிறந்த ஊரில் அந்தச் செடிக்கு வேறு பெயர். பெண்களின் சிவப்பு என்ற பெயரை இங்கே வந்துதான் கேட்டாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. எந்தப் பெண்? எந்தச் சிவப்பு? வாய்விட்டுக் கேட்டால், "உனக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். இப்போது கையில் சீட்டு இருக்கிறது. கேட்பது தானில்லை, டார்ட்டு பல்கலைக்கழகம். அந்தத் துணிச்சலில்தான் கிளம்பினாள்.

முதலில் பிரீடு. கொட்டகை வாசலில் அரிவாளுக்குச் சாணை தீட்டிக்கொண்டிருந்தான்.

"அதுக்குப் போயா டார்ட்டுல இருந்து ஆளு கேக்குறான்? அது சாராயச்சிவப்பு. ரெண்டு கொத்தைப் பாட்டில்ல போட்டு ஜன்னல்ல வெச்சா மூணாம் நாள் செவசெவன்னு ஆயிடும். எங்கப்பா காலத்துல இருந்து அதுதான் பேரு. எழுதிக்க."

"அப்போ பொம்பளைங்க பேரு எங்கேருந்து வந்துச்சாம்?"

"ஆம்பளைங்க வெச்ச பாட்டிலை ஒளிஞ்சு குடிச்சிருப்பீங்க!" என்று சொல்லிச் சிரித்தவன், அவளை நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே?"

"வெயில்."

"வெயில்ல கறுத்துல்ல போவாங்க."

அலீடே சீட்டை மடித்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டுறவுக் கடை வாசலில் நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நசுக்கினால் சிவப்பு வருகிறது, அதனால் சிவப்பு என்றாள் ஒருத்தி. இதில் பெண் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டால், பூப் பறிப்பது பெண்தானே என்றாள் இன்னொருத்தி. கொம்பு வைத்துக் கெட்ட ரத்தம் எடுக்கிற ட்ரீனு அத்தை, எழுபது தாண்டியவள், கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டால் இதைத்தான் கொடுப்பார்கள் என்று அடித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் உப்பு மீன் பீப்பாயைப் பார்த்தார்கள்.

கடைசியில் அலீடே, மீலியின் பண்ணைக்குப் போனாள். மீலி பிரீடுவின் அண்ணன் மனைவி. நாலு பிள்ளைகள், பதினொரு பசுக்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வாய். பால் கேன்களைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, போலீஸ்காரன் மாதிரி பேப்பரும் பென்சிலுமா வந்து நிக்குறே? எங்க வீட்டுப் பன்னி எதையாவது திருடிட்டுதா?"

அலீடே கேள்வியையும் வாத்தியார் எழுதிய சாயக் கதையையும் படித்தாள்.

"நல்லாருக்கு! என் பாவாடைக்குள்ள இருக்கிறதை நான் சொல்லணும், நீ எழுதணும், டார்ட்டுல மீசை வெச்சவனுங்க உக்காந்து படிக்கணும்?" என்று பொரிந்தவள், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழமை சவுனாவுக்கு வா. பேப்பர் இல்லாம வா. மூணு மாசமா எங்ககூட வராம, எல்லாரும் போன பொறவு ஆறிப்போன சவுனாவுல நீ தனியாக் குளிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சனிக்கிழமை சவுனா என்ற அந்த ஆவிக்குளியல் அறையில் முதல் முறை ஆண்களுக்கு. அவர்கள் சூட்டில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு, தக்காளி நிறத்தில் வெளியே வந்து பீர் குடிப்பார்கள். அடுத்த முறை பெண்களுக்கு. சவுனாவுக்குள் சண்டை கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது. இதைச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினவர்களும் இல்லை. அன்றைக்கு ஆறு மணிக்கும் வெயில் சுள்ளென்று அடித்தது. முன்னறையில் அலீடே துணிகளைக் கழற்றினாள். இந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் மூன்று மாதம் ஒளிந்தாள்.

உள்ளே மேல் பலகையில் மீலியும் ட்ரீனு அத்தையும் இருந்தார்கள். மற்றவர்களை மீலியே ஏதோ சொல்லி அரைமணி தள்ளி வரச் சொல்லியிருந்தாள். அலீடே கீழ்ப்பலகையில் கால்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மீலி ஒரு கரண்டித் தண்ணீரைச் சூடான கற்கள் மேல் விசிறினாள். ஆவி எழுந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போயிற்று.

"இப்போ கேளு" என்றாள் மீலி.

"பெண்சிவப்புன்னு ஏன் பேரு வந்துச்சு?"

"கன்னுக்குட்டிக்கு வயித்துல..." என்று தொடங்கினாள் ட்ரீனு அத்தை.

"சும்மா இரு அத்தே, கன்னுக்குட்டியாம்!" மீலி அதட்டினாள். அப்புறம் ஆவிக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள். "யாருக்காகடி கேக்குறே? டார்ட்டுக்கா, உனக்கா?"

அலீடே கற்கள் சீறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இங்கே சீட்டு இல்லை, உடம்பில் துணிகூட இல்லை.

"எனக்குத்தான்க்கா" என்றாள். சொன்னதும் அழுகை பீறிட்டது. "மார்ச்சுல இன்னொண்ணும் போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. அதுல இருந்து நிக்கவே மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குக்கா."

மீலி மேல் பலகையிலிருந்து இறங்கி வந்தாள். கட்டிப்பிடிக்கிற ஜாதி இல்லை அவள். வாளியில் வெந்நீரைக் கலந்து, அலீடேயைத் திருப்பி உட்காரவைத்து, முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள். குழந்தைக்குத் தேய்ப்பது போல, காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கித் தேய்த்தாள்.

"எனக்கு ரெண்டு" என்றாள் தேய்த்துக்கொண்டே. "பெரியவன் பொறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒண்ணு."

"உங்களுக்கா?"

"ஏன், நாலு நிக்குதுன்னா நாலுதான் வந்துச்சுன்னு நெனச்சியா? அதோ அவளைக் கேளு."

ட்ரீனு அத்தை மேலே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு கை போதாமல் அடுத்த கைக்குப் போனாள். "உசுரோட மூணு" என்றாள் கடைசியில். மற்றதைச் சொல்லவில்லை.

"மாசச் சிவப்பு நிக்காமப் போனாலும், வராமலே போனாலும், புள்ள நழுவிப் போனாலும், இந்தச் செடியைத்தான் காய்ச்சிக் குடிக்கிறது. என் அம்மா குடிச்சா, அவ மாமியா குடிச்சா, நான் குடிச்சேன். வேலியோரத்துல இதை ஒருத்தி பறிச்சா, பாக்குற இன்னொருத்திக்கு விஷயம் தெரிஞ்சிடும். வாயைத் தெறக்காம ஒரு கொத்துச் சேத்துப் பறிச்சுக் குடுத்துட்டுப் போவா. வேற என்ன பேருடி வைக்கிறது அதுக்கு?" என்றாள் மீலி.

அலீடேயின் முதுகில் வெந்நீர் இறங்கியது. ஒருத்தி குடித்திருந்தால் அந்தச் செடிக்கு இந்தப் பெயர் வந்திருக்காது. பத்துப் பேர் குடித்திருந்தாலும் வந்திருக்காது. விவரம் தெரியாத ஆண்கள்கூட வாய்நிறையச் சொல்லுகிற அளவுக்கு ஒரு பெயர் பழகிப்போக வேண்டுமென்றால், எத்தனை பெண்கள், எத்தனை வேலியோரங்கள்! அந்தப் பாறை மேல் துணி துவைக்கும்போது உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்கு மூச்சு முழுதாக இறங்கியது.

"குடிச்சா சரியாயிடுமாக்கா?"

"செடி செடிதான்டி. தைரியத்துக்குக் குடிக்கலாம். ரெண்டாவது தடவை எனக்கும் இதுல நிக்கல. குரெஸ்ஸாரே டவுன் ஆஸ்பத்திரியில டாக்டர்தான் உள்ள மிச்சம் இருந்ததை எடுத்தாரு. நீ இத்தனை நாளு விட்டு வெச்சதே தப்பு. பிரீடுவை வண்டி கட்டச் சொல்லு."

"அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"என்கிட்டச் சொன்னியே, அப்படித்தான்."

கிளம்பும்போது, "இதைச் சீட்டுல எழுதட்டுமா?" என்று அலீடே கேட்டாள்.

ரெண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். "என் பேரை மட்டும் எழுதினே, அடுத்த கொம்பை உன் நாக்குல வெச்சு உறிஞ்சிடுவேன்!" என்றாள் ட்ரீனு அத்தை.

அன்று ராத்திரி அலீடே வேலியோரத்தில் ஒரு கொத்துப் பறித்து, காய்ச்சி, தைரியத்துக்குக் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பிரீடு குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அலீடே வண்டியருகில் போய் நின்று, மீலியிடம் சொன்னதை அதே வரிசையில் சொன்னாள். இந்தத் தடவை அழவில்லை. பிரீடுதான் வண்டியின் ஏர்க்காலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நீ ஊருக்குத் திரும்பிப் போயிடப் போறேன்னு நெனச்சேன்" என்றான். "இந்தத் தீவு பிடிக்கல, என்னையும் பிடிக்காமப் போச்சு, அதான் களஞ்சியத்துல போயிப் படுக்குறேன்னு." பிறகு, "மார்ச்சுல எப்போ? நான் ஐஸ் மேல மீன் புடிக்கப் போனேனே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

"வந்ததும் அந்த மீனையெல்லாம் நீதானே உக்காந்து கழுவினே."

"ஆமா."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். குதிரை பொறுமையாக நின்றது. அப்புறம் எழுந்து, அவிழ்த்த வாரை மறுபடி மாட்டத் தொடங்கினான்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. டாக்டர் இருக்க மாட்டாரு" என்றாள் அலீடே.

"அப்போ விடியக்காலைல."

"புல்லு காய்ஞ்சு கிடக்கு. மழை வந்தா?"

"வரட்டும்" என்றான் பிரீடு. ஜூலையில், நல்ல வெயில் நாளில், காய்ந்த புல்லைப் போட்டுவிட்டு வண்டியை நகரத்துப் பக்கம் திருப்புகிறவனை அந்தத் தீவில் கிறுக்கன் என்பார்கள். திங்கட்கிழமை காலை ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க, பிரீடு கிறுக்கனாகப் போனான். மீலியின் புருஷன் ஒன்றும் கேட்காமல் ஆட்களோடு வந்து புல்லை அள்ளிப் போர் போட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். கிளம்பும்போது டாக்டர் இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்தார், மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். குழந்தையைப் பற்றி பிரீடுதான் கேட்டான். சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்றார் டாக்டர். பிறகு அலீடேயைப் பார்த்து, "அறுவடை வரைக்கும் இப்படியே இருந்திருந்தா உன்னைக் காப்பாத்தியிருக்க முடியாதும்மா. நீங்கல்லாம் எதுக்குத்தான் இப்படி மறைக்கிறீங்களோ" என்றார். நல்ல மனுஷர்தான், கோபத்தில் பேனா மூடியைத் தேடிக்கொண்டே சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை காலை பஸ்ஸில் சீட்டுக் கட்டு டார்ட்டுக்குப் போகவேண்டும். முந்தின சனிக்கிழமை மத்தியானம் அலீடே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிரீடு வண்டியை வெளியே நிறுத்தினான். உடம்பில் தட்டிக் குளிக்கிற பூர்ச்சமர இலைக்கட்டுகளோடு சவுனாவுக்குப் போய்க்கொண்டிருந்த மீலியும் ட்ரீனு அத்தையும் வண்டியைப் பார்த்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க, பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன.

அலீடே காலி மேசையில் உட்கார்ந்து, பதினாலாவது சீட்டைப் புதிதாக எழுதினாள். பெயர்க் காரணம் என்ற இடத்தில், சவுனாவில் கேட்டதை, யார் பெயரும் சொல்லாமல், சுற்றி வளைக்காமல் எழுதினாள். கடைசி வரியில்: "சொன்னவர்: அலீடே, லெபிக்கு பண்ணை, வயது 27. நானே குடித்தேன்."

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தது.

"இதையெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க படிப்பாங்கம்மா."

"படிக்கட்டும் வாத்தியாரே."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும். வெளியேதான் நிக்குறாரு."

வாத்தியார் சீட்டை மேசையில் வைத்தார், மறுபடி எடுத்தார். "இது செல்லாதும்மா. நான் வேணும்னு சொல்லல, விதியே அப்படித்தான். சொல்றவங்க இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்களா இருக்கணும். நீ வந்து மூணு வருஷம்தான் ஆகுது. பழைய சீட்டே போகட்டும்."

அது உண்மையான விதிதான். அலீடேக்குத் தெரியும். கட்டோடு வந்த தாளை அவளும் படித்திருந்தாள், ஆத்திரத்தில் மறந்துவிட்டாள். அவள் கண்ணெதிரே, இத்தனை பெண்களின் சிவப்பும் பாவாடைச் சாயமாக மாறி உறைக்குள் போகப் பார்த்தது.

அப்போது ஜன்னல் வழியாக முதலில் ஒரு இலைக்கட்டு வந்தது, பின்னால் மீலியின் தலை.

"நான் இந்த ஊர்ல பொறந்தவதானே வாத்தியாரே? உங்ககிட்டப் பிரம்படி வாங்கினது ஞாபகம் இருக்கா? என் பேரை எழுதுங்க. வயசு முப்பத்தஞ்சு."

"என்னையும் எழுது" என்று பின்னாலிருந்து ட்ரீனு அத்தையின் குரல் வந்தது. "வயசு எழுபத்தொண்ணு." கொஞ்சம் யோசித்து, "அறுபத்தெட்டுன்னு போடு. டார்ட்டு வரைக்கும் போகுதில்ல."

அலீடே அழுதுகொண்டே சிரித்தாள். மீலிக்குச் சூடு பிடித்துவிட்டது. "சாயமாம் சாயம்! காய்ச்சிப் பாத்தா வைக்கோல் நெறம்கூட ஒழுங்கா வராது. எந்தப் புண்ணியவான் சொன்னான் வாத்தியாரே உங்களுக்கு?"

"எல்ஃப்ரீடே சொன்னா" என்றார் வாத்தியார்.

மீலியின் வாய் அப்படியே நின்றது. எல்ஃப்ரீடே வாத்தியாரின் மனைவி. இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"ஒவ்வொரு வருஷமும் ஜூன் கடைசில யானி நாள் பண்டிகை நெருப்பு முடிஞ்ச மறுவாரம் கட்டுக்கட்டாப் பறிச்சுட்டு வந்து மச்சுல தொங்கவிடுவா. எதுக்குன்னு கேட்டேன். நூலுக்குச் சாயம் போடன்னு சொன்னா." வாத்தியார் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அவர் வீடும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம், மச்சு அதற்கு மேலேதான் இருந்தது. "செவப்புப் பாவாடை எதுவும் அவ கட்டி நான் பார்த்ததில்ல. இப்போதான் அது தோணுது. கடைசில டாக்டர் வந்து, உடம்புல ரத்தமே இல்லைன்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

வெளியே குதிரை தரையைத் தட்டியது. அவர் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிற நூலில் தைத்திருப்பதை அலீடே பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ட்ரீனு" என்று வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார். பதில் எழுதி வைத்துக்கொள்ளாமல் அவர் கேட்ட கேள்வி அது. "அவ உங்ககூடத்தானே சவுனாவுக்கு வருவா. அங்க சொன்னாளா?"

ட்ரீனு அத்தை முன்னே வந்தாள். சவுனாவில் பேசியதை எழுபத்தொரு வயது வரைக்கும் வெளியே விட்டவளில்லை அவள். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னா வாத்தியாரே. டாக்டர்கிட்டப் போன்னு நாங்களும் சொன்னோம். நீங்க கவலைப்படுவீங்கன்னு, உங்களுக்குத் தெரிய வேணாம்னுட்டா."

வாத்தியார் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அலீடேயைப் பார்த்து, "நீ அவன்கிட்டச் சொல்லிட்டே, இல்லையா? நல்லதும்மா. ரொம்ப நல்லது" என்றார்.

தன்னுடைய பழைய சீட்டை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அலீடேயின் சீட்டை முன்னே இழுத்தார். சொன்னவர் வரியில் இடம் தீர்ந்திருந்தது. சீட்டைத் திருப்பிப் போட்டு, மீலியின் பெயரையும் வயதையும் எழுதினார். ட்ரீனுவின் பெயரை எழுதி, அறுபத்தெட்டு என்று போட்டார். பேனாவை மையில் தொட்டு எடுத்தவர் நிறுத்தினார்.

"உசுரோட இல்லாதவங்க பேரை எழுதலாமாம்மா?"

"சொன்னவங்க பேரும் வயசும்தான் கேட்டிருக்காங்க வாத்தியாரே. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் அலீடே.

அவர் குனிந்து, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற அதே உருண்டையான எழுத்தில் எழுதினார். "எல்ஃப்ரீடே கோப்பெல். வயது 39. இந்த ஊரில் பிறந்தவள்."